திரையில் திரும்பிய தலை

என் தங்கச்சிக்கு இடது கண் வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயசு. முதலில் கொஞ்சம் வீங்கினாற்போல இருந்தது. சாமை அறுப்பு முடிவதற்குள் இமையை மூட முடியாமல் போய்விட்டது. ஜமுனாமரத்தூரில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆலங்காயத்தில் வேறொரு சொட்டு மருந்து. கடைசியில் வாணியம்பாடி டாக்டர் ஒருத்தர்தான், "இது கண்ணு நோவு இல்லப்பா. பின்னாடி என்னமோ வளருது. மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்பா இல்லை. ஆட்டையும் நிலத்தையும் விட்டு அம்மா வர முடியாது. நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். கிளம்புகிற அன்று அம்மா மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து தங்கச்சியின் பின்னலுக்குள் வைத்துக் கட்டினாள். எங்கள் பக்கம் வேண்டுதல் காசை வீட்டு உத்திரத்தில் கட்டுவோம். மலையிறங்கிப் போகிறவளோடு சாமியும் போகட்டும் என்று அம்மா நினைத்தாள்.

"கொணமாகி வந்து கோயில்லதான் இத்த அவுக்கணும். முன்னாடியே அவுத்தா சாமி கைவுட்டுடும்."

மெட்ராசில் எங்களுக்கு யாரையும் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இடம் பிடித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவள் தாவணியை இழுத்துக் கண்ணை மறைத்தாள். "நம்ம ஊர்ல ஆடுங்ககூட இப்டி பாக்காதுண்ணா" என்றாள்.

தலையைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் மிஷின் அப்போது புதுசு. பெரிய வளையம். அதற்குள் தலை போகும்படி படுக்க வேண்டும். கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்றி என் கையில் கொடுத்தாள். காசை இரண்டு பேருமே நினைக்கவில்லை. அது நகை இல்லையே, சாமி காரியம்.

கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓட்டுகிறவர் வெளியே வந்தார்.

"இன்னாய்யா, உன் தங்கச்சி தலைக்குள்ள சூரியன் உதிச்சிருக்குது?"

படத்தில் பின்மண்டையிலிருந்து வெள்ளைக் கோடுகள் சிதறி, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்திருந்தன. உலோகம் இருந்தால் அப்படித்தான் ஆகுமாம். பின்னலைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டார். தங்கச்சி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக்கமாட்டேன். சாமி காசு."

"படம் வரலன்னா டாக்டர் எங்க பாத்து கத்தி வெப்பாரு? உங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேம்மா. எங்க வூட்டுக்குப் பின்னாடிதான் கோயிலு."

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ண்ணா, நீ அவுரு. வேற யாரும் கை வெக்கக் கூடாது" என்றாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

மறுநாள் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். டிவி மாதிரி ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் என்ற பேரையே அன்றுதான் கேட்டேன். எடுத்த துண்டுகளையெல்லாம் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழுத் தலையாக்கிவிட்டது என்றார். அவர் பொத்தானை அழுத்த அழுத்த, என் தங்கச்சியின் மண்டை திரும்பியது. முன்பக்கம், காதுப்பக்கம், தாடைக்கு அடியில். கல்லிடுக்கில் வேர் இறங்கியதுபோல, கண்குழிக்குப் பின்னால் எலும்பைத் துளைத்துக்கொண்டு கட்டி உள்ளே போயிருந்தது.

"அபூர்வமான கட்டி. நானே புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன். முன்னாடின்னா திறந்த பிறகுதான் இதெல்லாம் தெரியும். இப்போ எந்த வழியா போகணும்னு தெரியுது" என்றார்.

தங்கச்சி திரையையே பார்த்தாள். "என் கண்ணு வீக்கமே காணலயே, சார்?"

"தோலை எடுத்துட்டோம்மா. எலும்பும் கட்டியும் மட்டுந்தான்."

"இதுல நல்லா கீறேன்" என்றாள்.

டாக்டர் பெட்டியை அணைத்தார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார்கள். தலைக்கட்டோடு அவள் கஞ்சி குடித்தாள், பேசினாள். பிறகு காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். போய்விட்டாள்.

மலைக்குக் கொண்டுபோக வழியில்லை. பேர் தெரியாத ஆட்கள் தோள் கொடுக்க, மெட்ராசிலேயே புதைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ தூங்கி என் தோளில் சாய்ந்தார். வாணியம்பாடி வரைக்கும் நான் அசையவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அம்மா காசைக் கேட்டாள். கொடுத்தேன்.

"யார் அவுத்தது?"

"நான்தாம்மா. படம் எடுக்க..."

"படம் எடுக்கவாடா அனுப்பிச்சேன்?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். களியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள். நான் தனியாகச் சாப்பிடுவேன். காசை அவிழ்க்காமல் ஆபரேஷனே இல்லை என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்னதும் அம்மா சொன்னதும் என் மனசில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. எது நிஜம் என்று தங்கச்சியிடம் கேட்கலாமென்றால், அவள்தான் போய்விட்டாள்.

புளி தட்டுகிற காலம் வந்தது. வாசலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் அம்மா கேட்டாள்.

"உள்ள அது எம்மாம் பெருசு இருந்துச்சி?"

கையிலிருந்த புளியை உருட்டினேன். திரையில் பார்த்தபடியே ஒரு பக்கம் உருண்டையாக, மறுபக்கம் வால்போல நீட்டி, அவள் கையில் வைத்தேன். அம்மா விரல்களால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"இத்த வெச்சிகினாடா அவ எனக்குத் தண்ணி மொண்டாந்தா?"

"ஆமாம்மா."

அதைக் கூடையில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.