அப்பாவு வைக்காத பச்சைப் பொட்டு

காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் அப்பாவு குடிப்பதில்லை. தலையை இடது தோள் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, டம்ளரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் ட்யூப்லைட் வெளிச்சத்தோடு பார்வையை ஓட்டுகிறார். வெளிச்சம் மயிரிழை நெளிந்த இடத்தில் நின்றுவிடுகிறார்.

“டம்ளரு அடி வாங்கிக்கீது.”

“ஆமா, நாந்தான் அடிச்சேன். ஆறதுக்குள்ள குடியேன்யா” என்கிறார் மனைவி காந்திமதி.

வயது ஐம்பத்து மூன்று. ஊர் பிள்ளைப்பாக்கம். வல்லம் வடகாலில் கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை. அவர் நிற்கிற இடம் ஒரு வெள்ளைக் குகை. மேலேயும் இரண்டு பக்கமும் விளக்குகள்; மனிதனுக்குக்கூட அங்கே நிழல் விழாது. கொக்கியில் தொங்கியபடி பம்பர்கள் சத்தமில்லாமல் மிதந்து வரும், அவரைத் தாண்டி மிதந்து போகும். பெயின்டுக்கு அடியில் கடுகில் கால்வாசித் தூசு சிக்கியிருந்தாலும் கண்டுபிடிப்பார். தேய்த்து, பாலிஷ் போட்டு, பெயின்ட் இறுகச் சூட்டடுப்புக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் இன்னொரு தடவை பார்த்து, ஒரு பச்சைப் பொட்டு ஒட்டுவார். பொட்டு வைத்த பம்பரை அப்புறம் யாரும் தொடக்கூடாது. தொட்டால், பார்த்தவன் கண்ணை நம்பவில்லை என்று பொருள். அந்தக் குகையில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

எதையும் புறங்கையால்தான் தொடுவார், விரல் எண்ணெய் படியும் என்று. தூக்கத்திலும் பம்பர்கள் வருமாம், வெண்டைக்காய்ப் பச்சை, மயில் நீலம் என்று கம்பெனியில் இல்லாத நிறங்களில். விடிகாலைக் கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்க, இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பனிக்குள் படுத்திருக்கும் ஏரியைப் பார்த்துக்கொண்டு வருவார். “தண்ணிய பாரு. இன்னா ஃபினிஷிங்கு!” யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது.

போன வருடம் மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கு தின்றார். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் விளக்கும் கேமராவும் வைத்த குழாய்விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் தட்டையாக ஒரு கட்டி, தபால்தலை அகலம். புற்றுதான், ஆனால் ஆரம்பம், மேல்தோலைத் தாண்டவில்லை. வயிற்றைக் கிழிக்காமல் அதே குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள்.

“முழுசா எடுத்தாச்சு” என்றார் டாக்டரம்மா. “ஆனா துண்டு துண்டா எடுத்திருக்கோம். தழும்புல மறுபடி முளைக்கலாம். ஆறு மாசத்துல கட்டாயம் வந்து காட்டணும்.”

அப்பாவு முதல் வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆறு மாதம் போயிற்று. பதினான்கு மாதம் ஆயிற்று. பயம் என்றுதான் காந்திமதி நினைத்தார். பயமில்லை, மரியாதை.

“அந்தம்மா பாத்து பாத்து எடுத்துக்கீது. முழுசா எடுத்தாச்சுன்னு வாயால சொல்லிட்சி. அப்புறமும் போயி, திரும்பப் பாருன்னு நின்னா அதும் மூஞ்சி இன்னா ஆவும்?”

கேட்ட காந்திமதிக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த நாள் கம்பெனி கேட்டுக்கே போய், அவரோடு செக்கிங்கில் நிற்கிற சாம்சனைப் பிடித்துக்கொண்டார். அன்று சாப்பாட்டு வேளையில் சாம்சன் பேச்சை எடுத்தான்.

“அண்ணே, தேச்ச பீஸு சூட்டடுப்புக்குப் போய்ட்டு வந்தா இன்னா பண்ணுவோம்?”

“திரும்பப் பாப்போம்.”

“இன்னாத்துக்கு?”

“தேச்ச எடத்துல தூசு திரும்ப எழும்பும்டா.”

“அப்புறந்தான பச்சப் பொட்டு? டாக்டரம்மா உனுக்கு இன்னும் பொட்டே வெக்கலண்ணே. நீயே வெச்சிகினு சுத்தினுகீற.”

அப்பாவு பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுபடி குழாய்விட நாள் குறித்து, குடலைக் கழுவ அப்பாவு இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர் குடித்த மாலை, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காந்திமதி மணிக்கொரு தரம் குரல் கொடுத்தார். “இன்னாயா, ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சிச்சா?” உள்ளிருந்து, “ஓட்டி பாத்துகினுகீறேன்” என்று பதில் வந்தது. ஓட்டி என்றால் கூடுதல் நேர வேலை.

மறுநாள், முழுக்கத் தூங்க வைக்காதீங்கம்மா என்று கேட்டுக்கொண்டார். அரை மயக்கம் கொடுத்தார்கள். பக்கத்துத் திரையில் ஒரு குகை திறந்தது. இளஞ்சிவப்பு, ஈரப் பளபளப்பு. வளையம் வளையமாகச் சுவர்கள் மெல்ல மூடின, விலகின. விளக்கு மிதந்துகொண்டே போனது. தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவில்லை. விடிகாலை ஏரிக்கு அடியில் யாரோ அழைத்துப் போவது போல் இருந்தது. எங்கேயும் வலியில்லை. ஒரு வளைவில் வெளிறிய தழும்பு வந்தது. விளக்கு அதன் நடுவில் நின்றது.

அப்பாவுவின் தலை இடது தோளுக்குச் சாய்ந்தது. “தூசு நடுவுல எழும்பாதும்மா” என்றார், நாக்கு குழற. “ஓரத்தப் பாரு.”

“அங்கதான் போறேன், கொஞ்சம் பேசாம இருங்க.”

தழும்பின் ஓரத்தில், அரை அரிசி அளவுக்கு, வெளிச்சம் நெளிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

“திரும்ப வந்திருக்கு” என்றார் டாக்டரம்மா. “சின்னதுதான். இப்பவே எடுத்துடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா வயித்தைத் திறக்க வேண்டியிருந்திருக்கும்.”

சதைப் பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவர் எந்த டம்ளரையும் உற்றுப் பார்க்காமல் குடித்தார் என்கிறார் காந்திமதி. முடிவு வந்தது: புற்றாக மாறியிருக்கவில்லை, விட்டிருந்தால் மாறக்கூடிய வகை. ஆறு மாதம் கழித்து மறுபடி குழாய்.

“பாஸ் எப்பம்மா போடுவீங்க?”

“பாஸெல்லாம் கிடையாதுங்க. பாத்துக்கிட்டே இருக்கறதுதான்.”

டாக்டரம்மா சொன்ன தேதி அடுத்த வருடம் பிப்ரவரியில் விழுந்தது. வீட்டுக் காலண்டர் டிசம்பரோடு முடிகிறது. அதற்குப் பக்கத்துச் சுவர் பொங்கலுக்கு அவரே மூன்று கோட் அடித்தது. பென்சில் கீறல் விழுந்தால்கூட ஒரு வாரம் பேசமாட்டார். அப்பாவு கறுப்பு மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, அந்தச் சுவரில் உள்ளங்கை உயரத்துக்குத் தேதியை எழுதினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே போய், அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.