மூன்றாவது வாரத்தோடு நின்ற சிகிச்சை

வள்ளியூர் வட்டாரத்தில் நிக்காஹ் விருந்துக்கு வட்டலப்பம் வேண்டுமென்றால் சபீதாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்பதில் அவர் யாருடைய யோசனையையும் கேட்டதில்லை. அவருடைய உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டி வந்தபோது அவருடைய யோசனையை யாரும் கேட்கவில்லை.

மாதவிடாய் நின்ற பிறகும் உதிரம் பட்டது. ஒரு வருடம் மறைத்தார். இடுப்புக்குக் கீழே பெண்ணுக்கு வரும் நோயை நம் வீடுகளில் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. பெயர் சொல்லக் கூடாத நோய்க்கு எந்த டாக்டரிடம் போவது? கல்லூரியில் படிக்கும் மகள் மர்வா துணியில் கறையைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கருப்பைவாய்ப் புற்று என்றார்கள்.

கணவர் மதாருக்குச் சவூதியில் துணிக்கடை வேலை. அதனால் அவருடைய அண்ணன் காஜா முகைதீன் கூட வந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தேதான் பேசினார். அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர், வாரம் ஒருமுறை மருந்து. பிறகு கருப்பைவாய்க்குள் சிறு குழாய் வைத்து உள்ளிருந்தே சில தடவை கதிர். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், நடுவில் விடக் கூடாது. இதில் பாதியை ஆங்கிலத்தில் சொன்னார். காஜா முகைதீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து சபீதாவிடம், "கரண்டு வைக்கணுமாம். குணமாயிரும்" என்றார். அவ்வளவுதான்.

மீதியைச் சபீதா காத்திருக்கும் கூடத்தில் தெரிந்துகொண்டார். அங்கே கல்லிடைக்குறிச்சியிலிருந்து மஹாலக்ஷ்மி என்றொரு மாமி வருவார், ஓய்வுபெற்ற ஆசிரியை, மார்பில் புற்று. அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து போனில் கேள்வி மேல் கேள்வி கேட்டான். உடனே மாமியை உட்கார வைத்து, ஐந்து வாரமும் கொடுக்கலாம், மூன்று வாரத்திலும் முடிக்கலாம், எதில் என்ன நன்மை என்று விளக்கினார்கள். இதே மருத்துவமனைதான், இதே டாக்டர்தான். ஆங்கிலம் பேசும் மகன் இல்லாதவர்களுக்குத் தலையாட்டும் மைத்துனர் போதும் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

இடுப்பில் கதிர் வாங்குகிறவர்கள் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். குடல் விலகி நிற்பதற்காக.

"முன்னால போனவுக இன்னும் வெளிய வரல. இன்னும் செத்த நேரமாச்சுன்னா நான் இங்கன ஆறா ஓடிருவேன் மாமி" என்றார் சபீதா.

"ஓடேன். ஆத்துல தண்ணி இல்லேன்னு குறைப்பட்டுக்கறவா சந்தோஷப்படுவா."

இன்னொரு நாள் சபீதா கேட்டார்: "இந்தக் கரண்டு உடம்புல தங்கிருமா மாமி? பச்சப்புள்ளய தூக்கக் கூடாதுன்னு எதுத்த வீட்ல சொல்லுதாவ."

"தாராளமாத் தூக்கு. லைட்டை அணைச்சப்புறம் வெளிச்சம் உன் மேல ஒட்டிண்டா இருக்கு? இதுவும் அப்படித்தான்."

"அப்ப நடுவுல நாலு நா வரலன்னா?"

"அதை மட்டும் பண்ணிடாதேடி. இது தினம் அடிச்சு அடிச்சு ஒடுக்கற சமாசாரம். விட்டா மறுபடி தலையெடுத்துடும்."

மூன்றாவது வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை மதார் சவூதியில் மாரடைப்பில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்காத சபீதாவை இத்தாவில் உட்கார வைத்தார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது.

திங்கட்கிழமை சபீதா கதவுக்குப் பின்னால் நின்று காஜா முகைதீனிடம் கேட்டார். "மச்சான், இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்கப்புறம் உள்ள வைக்கிறதும் இருக்கு."

"இருக்கட்டும்மா. ஆஸ்பத்திரி எங்க ஓடியா போவுது? மூணு வாரம் வச்சாச்சுலா. மீதிய இத்தா முடிஞ்சு வச்சுக்கிடலாம்."

"விட்டா வளந்துருமாம் பெரியவாப்பா" என்றாள் மர்வா.

"நீ சும்மா இரு. மெஷின்ல நிக்கவன் ஆம்பள. தம்பி மவுத்தாயி மண்ணு காயல, இவ தெனமும் பஸ்ஸேறிப் போயிட்டு வந்தா நான் பள்ளிவாசல்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?"

போன வாரமும் அதே பஸ்தான், மெஷினில் நின்றவனும் அதே ஆண்தான். கணவன் உயிரோடு இருந்தவரை அது சிகிச்சை, அவன் செத்ததும் அவமானம். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அவர்களிடம் இருந்தது காஜா முகைதீனின் எண். "வருவோம்" என்றார். மறுபடி வந்தது, மறுபடியும் "வருவோம்" என்றார். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். சபீதா அழுதார். அதைக் கணவருக்கான அழுகை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இத்தா முடிந்த அன்று துஆ ஓதிப் பிரார்த்திக்கப் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் வந்தார். சபீதாவின் இருமலும் முனகலும் உள்ளிருந்து கேட்டன. விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் ஓதுவதை நிறுத்திவிட்டார்.

"வைத்தியத்துக்குப் போறதுக்கு என்ன வே தடை? கூட ஒரு துணை போனாப் போதுமே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"நீங்க கூடாதுன்னுதான் சொல்லுவியன்னு நெனச்சுட்டேன், ஹஜ்ரத்."

மார்க்கம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. அந்த அனுமதியைக் கேட்டுப் பார்க்கக்கூட இவர்களுக்குத் தோன்றவில்லை. நான் எந்த மதத்துக்கும் வக்கீல் இல்லை. ஆனால் இந்தக் கொலையில் மதத்தின் கையைவிட ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவரின் கைதான் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் மருத்துவமனையின் கையும் தெரிகிறது.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போனார்கள். படங்கள் எடுத்தார்கள். டாக்டரம்மா வழக்கம்போலக் காஜா முகைதீனிடம், ஒரே ஒரு நாள் இடுப்பு எலும்பில் கதிர் கொடுக்கலாம் என்றார்.

அவர் முகம் மலர்ந்தது. "ஒரு நாள் போதுமாம்மா. அலைச்சல் மிச்சம்."

சபீதாவின் முகம் மலரவில்லை. "அன்னைக்கு அஞ்சு வாரம்னீங்க, உள்ள வேற வைக்கணும்னீங்க. இன்னைக்கு எப்படி ஒரு நாள் போதும்?"

டாக்டரம்மா காஜா முகைதீனைப் பார்த்தார்.

"நோவு எனக்கு. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

முதல் முறையாக டாக்டரம்மா சபீதாவைப் பார்த்து, முழுக்கத் தமிழில் சொன்னார். நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது. அன்று கொடுத்தது குணமாக்க, பாதியில் விட்டதை இனித் தொடர முடியாது. இது வலியைக் குறைக்க மட்டும்.

வெளியே காஜா முகைதீன், "அல்லாவோட நாட்டம்" என்றார்.

"அவன் மேல போடாதீங்க மச்சான்" என்றார் சபீதா. "நீங்க போவாதன்னிய. நானும் போவாம இருந்தேன்."

அந்த ஒரு நாள் கதிர் வலியைக் கொஞ்சம் குறைத்தது. படுத்தபடி பேச முடிந்தது. பார்க்க வந்த பெண்களிடமெல்லாம் சபீதா ஒன்றையே சொன்னார்: "இத்தாவுல இருந்தாலும் வைத்தியத்துக்குப் போவலாம். ஹஜ்ரத்தே சொல்லுதாரு. கரண்டு வைக்க ஆரம்பிச்சா நடுவுல விடாதீங்க. நான் விட்டேன், அதான் போறேன்."

வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள்:

"வலியில என்னத்தையோ பேசுதா, பாவம்."