அம்மிக்கல்லுக்கும் வந்த ஏப்பம்

கச்சிராயபாளையத்தில் அந்தக் காலத்தில் மசாஜ் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. உருவிவிடுவது என்று சொல்ல வேண்டும். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, கரும்புக் கட்டு தூக்கி விறைத்துப்போன முதுகு, எல்லாம் என்னிடம்தான் வரும். விளக்கெண்ணெய் தடவி நாலு இழுப்பு இழுத்தால் ஏப்பம் வந்துவிடும். அவர்களுக்கு இல்லை, எனக்கு. அவர்கள் உடம்பில் அடைத்துக்கிடந்த வாயு என் கை வழியாக ஏறி வாய் வழியாகப் போகிறது என்று ஊரே நம்பியது. நானும்தான் நம்பினேன். ஏப்பம் எவ்வளவு பெரிதோ, பிடிப்பு அவ்வளவு விட்டுவிட்டது என்று அர்த்தம். நான் கரும்பு வெட்டப் போகும் தோட்டக்காரர் சம்சாரத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு கூடுதலாகவே வரும். அது எப்படி என்று நான் ஆராயவில்லை.

எனக்கு முப்பத்துநாலு வயதானபோது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி அறை திறந்தார்கள். பெண் நோயாளிகளுக்கு ஒரு பெண் வேண்டும், சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டி என் முதுகே போய்விட்டிருந்தது. ஃபேனுக்குக் கீழே நின்று மாதச் சம்பளம் வாங்கும் வேலை என்றால் விடுவேனா? அந்த ஊரிலேயே ஒரு மாடியில் நடந்த ஒரு வருட மசாஜ் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். பரீட்சை முடிந்து சர்டிபிகேட்டைக் காட்டும்வரை அந்த இடத்தை வைத்திருப்பதாக ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

டீச்சர் மெட்ராஸ்காரி. என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளுக்கு ஒரே வியாதி, ஏன் என்று கேட்பது. முதுகை ஏன் இந்தப் பக்கமாக இழுத்தாய்? ஏன் அங்கே அழுத்தினாய்? பதில் தெரியாமல் கை வைக்கக் கூடாது. கரும்பலகையின் மேல் மூலையில் அழிக்கக் கூடாத நாலு வரி எழுதி வைத்திருந்தாள். நகம் வெட்டு. கேட்டுவிட்டுத் தொடு. தெரிந்ததை மட்டும் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்.

முதல் வாரமே என் ஏப்பம் அவள் காதில் விழுந்தது. அது நோயாளியின் வாயு என்று விளக்கினேன். பாவம், பட்டணத்துப் பெண், இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு தலையணையை எடுத்து மேஜைமேல் வைத்து, உருவச் சொன்னாள். நாலாவது இழுப்பில் ஏப்பம் வந்து தொலைத்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் அசருவேனா? நேற்றுப் பிடிப்புக்காரர் ஒருத்தர் தலைவைத்துப் படுத்த தலையணை, அவர் வாயு இதில் ஏறியிருக்கிறது என்றேன். அவள் கீழ்வீட்டுக்குப் போய் ஆள்வைத்து அம்மிக்கல்லைத் தூக்கிவந்தாள். அம்மிக்கும் ஏப்பம் வந்தது. சும்மா இல்லை, தோட்டக்காரர் சம்சாரத்துக்கு வருகிற அளவுக்கு வந்தது.

"அழுத்தும்போது மூச்சப் புடிச்சிக்கினு காத்த முழுங்கறீங்கக்கா. அதான் திரும்பி வருது. உங்க கை நல்ல கை. அதுக்கு ஏப்பம் எதுக்கு?"

பத்து வருடத் தொழிலை அந்தச் சின்னப் பெண் ஒரு மூச்சில் ஊதிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அம்மியை அவள் காலிலேயே போட்டிருப்பேன். இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டு அம்மியை யாரும் பார்க்காதபோது உருவிப் பார்த்தேன். வந்தது. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்து, மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தப் பழகினேன். ஆனாலும் பதற்றம் வந்தால் ஏப்பம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பரீட்சைக்கு நாள் குறித்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது. நான் விடியற்காலையில் கிளம்பி, வாய்க்கால் கரையும் வயல் வரப்புமாக நடந்தே கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் வந்திருந்தேன். உருவிக் காட்டுவதற்காகக் கரியாலூரிலிருந்து சுமை தூக்கும் ஆட்கள் இரண்டு பேரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்களும் மலையை விட்டு இறங்க முடியவில்லை.

மதியத்துக்குமேல் பரீட்சை அதிகாரி வந்தார். விழுப்புரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், நல்ல கனத்த உடம்பு. தியாகதுருகத்தில் பஸ் நின்றுவிட, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். மாடிப்படி ஏறும்போதே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மேஜையில் ஏறிப் படுத்தவர், நோயாளி இல்லை என்று டீச்சர் சொன்னதும், இதோ நான் இருக்கிறேனே, ஆரம்பி என்றார்.

டீச்சர் மார்க் தாளோடு கால்மாட்டில் நின்றாள். வகுப்பு மார்க் அவள் கையில். ஏப்பம் வந்தால் தயவு பார்க்காமல் குறைப்பாள், அது எனக்குத் தெரியும்.

கேட்டுவிட்டுத் தொட்டேன். வெயிலில் தூரம் நடந்ததில் சதை சுருண்டுகொண்டது, அதை நீட்டப் போகிறேன் என்று சொன்னேன். கால் விரல்களை முழங்காலைப் பார்க்க மெதுவாக வளைத்துப் பிடித்தேன். கல் மாதிரி இருந்த கெண்டை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. வாயைத் திறந்தே வைத்திருந்தேன். ஒரு சத்தம் இல்லை. டீச்சர் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமைதான்.

அதிகாரி மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"வலி கம்மி ஆயிருக்கு. ஆனா வாயு எறங்கலியே. எங்க ஊர்ல ஒரு அம்மா ஏப்பம் வுட்டுக்கினே உருவும். அப்பத்தான் சுத்தமா வுடும். உனுக்கு இன்னா, ஏப்பமே வர்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்டையில் ஒன்று தயாராக உட்கார்ந்திருந்தது. விட்டால் அவர் மார்க் முழுசாகக் கிடைக்கும், டீச்சர் மார்க் போகும். விடாவிட்டால் அவர் கையெழுத்தே சந்தேகம். வந்த கோபத்தில் ஏப்பத்தை விழுங்கினேன். உண்மை வெளியே வந்துவிட்டது.

"வுடலாம் சார். ஆனா அது உங்க காலுலேர்ந்து வராது, என் தொண்டையிலேர்ந்துதான் வரும். அம்மிக்கல்ல உருவனாகூட எனுக்கு வருது சார்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். நாலடி நடந்து பார்த்தார். நொண்டவில்லை. ஆனாலும் டீச்சரிடம் மார்க் தாளை வாங்கி, பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்துக்கொண்டே யோசித்தார். செய்தது சரிதான், ஆனால் நோயாளிக்குத் திருப்தி இல்லையே, எப்படிப் பாஸ் போடுவது என்றார். என் ஃபேன், என் சம்பளம் எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கியது. அழுகை வந்தது. மறுபடியும் கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. என் பிறவியில் நான்கூட அப்படி ஒரு ஏப்பம் விட்டதில்லை. கால்மாட்டில் டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதிகாரி முகம் விரிந்தது. கெண்டைக்காலைத் தட்டிக்கொண்டார். "ஆங், இப்ப எறங்கிச்சு பாரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் குடித்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

டீச்சர் வெளுத்துப்போயிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஏன் டீச்சர், ஏன் என்று கேட்டேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, நான் பாஸாக வேண்டுமே என்ற பயத்தில் காற்றை விழுங்கிவிட்டாளாம். காரணம் சுத்தமாக இருந்தது. சிரித்துக்கொண்டே தாளை எடுக்கப் போனேன். அவள் அதை முந்தி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவரிடம் சொல்ல வேண்டுமாம்.

நான் வாசலை மறித்து நின்றேன்.

"நீங்க போய்ச் சொன்னா என் வேலை போச்சு டீச்சர்."

"நீங்க அவர்கிட்ட நெசத்தச் சொன்னீங்களேக்கா. அப்ப போயிருந்தா?"

அடிப் பாவி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வழிவிட்டேன். படியில் தடதடவென்று இறங்கினாள். அவள் திரும்பிவரும்வரை கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாலு வரியையும் அழித்துவிடலாமா என்றிருந்தது.

திரும்பி வந்தவள் கையில் தாள் அப்படியே இருந்தது. கையெழுத்தும் இருந்தது. மேஜையில் பொத்தென்று உட்கார்ந்தாள். பசி, காற்று, தொண்டை என்று தெருவில் நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டாராம். கடைசியில் அவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, மெதுவாகச் சொன்னாராம்.

"வெக்கப்படாதம்மா. மேல உருவிவுட்ட பொம்பளையவுட உனுக்குத்தான் கை ராசி."