எண்ணெய் ஒழுகிய பின்சில்லு

பேய் கண்டேன் என்று யாராவது சொன்னால், அதற்கு லைசென்ஸ் இருந்ததா என்று கேட்டு ஆளை அழவைத்து அனுப்புகிறவன் நான். ஐம்பது வயதுவரை அப்படித்தான் இருந்தேன். இப்போது அதே கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்கப்போகிறீர்கள். கேளுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

நடந்தது இரவிலும் இல்லை, சுடலையிலும் இல்லை. சுருவில் கிராமத்தில், என் வீட்டு முற்றத்தில், மண்டை வெடிக்கிற மத்தியான வெயிலில். நெடுந்தீவில் படிப்பிக்கிற என் மகள் கைக்குழந்தையோடு பின்னேரப் படகில் குறிகட்டுவான் துறைக்கு வருகிறாள், பேரனைப் பஸ்ஸில் நசியவிடமாட்டேன், என் பிக்கப்பில்தான் கூட்டிவருவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்துவிட்டேன். காலையில் பார்த்தால் பின்சில்லில் எண்ணெய் வடிகிறது. எண்ணெய் வெளியே வராமல் அச்சை அடைக்கிற எக்சில் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் பிறேக்கில் ஊறினால் வாகனம் நிற்காது. வரவேண்டிய பாதையோ இரண்டு பக்கமும் கடல்.

மனைவியின் தம்பி தவத்தைத் துணைக்குப் பிடித்து எக்சிலை வெளியே இழுத்தேன். அதை இழுப்பதற்குப் பிறேக் குழாயைக் கழற்றவேண்டும், கழற்றினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும், அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, மற்றவர் கீழே கிடந்து காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மிதிக்க ஆள் இல்லாவிட்டால் பிறேக் எண்ணெய் பீய்ச்சாது. இதை மட்டும் மனதில் வையுங்கள்.

“ஏறி இரு. கூப்பிடேக்க மிதி,” என்று தவத்தை ஏசி ஏற்றிவிட்டு, புதுச் சீலைப் பலகைத் துண்டு வைத்துத் தட்டி இறக்கினேன். எல்லாவற்றையும் பூட்டி முடித்துக் கீழே ஊர்ந்தேன்.

“மிதியடா!”

மிதித்தான். நிப்பிளைத் திறந்தேன், நுரையும் எண்ணெயுமாகப் பீய்ச்சியது. மூடினேன். “விடு!” விட்டான். திரும்பவும் “மிதி!” என்றேன், மிதித்தான். “வாய்க்குள்ள என்ன, புட்டே?” என்று கேட்டேன், பதில் இல்லை. ஏசினதுக்குக் கோபமாக்கும் என்று விட்டுவிட்டேன். சொன்னது சொன்னபடி செய்கிற தவத்தை அன்றைக்குத்தான் கண்டேன், அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

நுரை நின்று எண்ணெய் தெளிந்தது. “காணும், இறங்கு,” என்று சொல்லிக்கொண்டு வெளியே ஊர்ந்தால், படலையைத் திறந்துகொண்டு தவம் சைக்கிளில் வருகிறான், கையில் இரண்டு சோடா.

“எங்கையடா போனனீ?”

“சோடா வாங்க. நீங்கள் சீல் அடிக்கேக்க சொல்லிப்போட்டுத்தானே போனனான் அத்தான். கேக்கேல்லையே?”

“அப்ப ஆர் மிதிச்சது?”

“எதை?”

எதை என்று கேட்டான் பாருங்கள், அந்த ஒரு சொல்லில் நான் ஓட்டம். இடுப்பில் கட்டின சாரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வைரவரைக் கூப்பிட்டேன், அவர் தனியாளாகக் காணாது என்று அந்தோனியாரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். குசினிக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினால், மனைவி மீன் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

“நீர் வாகனத்துக்க ஏறினனீரோ?”

“எனக்கு வேற வேலையில்லையோ? உந்த மீனை ஆர் வெட்டுறது?”

நம்பினால் நம்புங்கள், பிறகு தவத்தையே ஏற்றி இன்னொருமுறை மிதிக்கவிட்டுப் பார்த்தேன். ஒரு நுரை இல்லை. காற்று முழுக்க எடுபட்டு, பெடல் கல்லுப்போல நின்றது. படகு வருகிற நேரமும் ஆகிவிட்டது. பஸ்ஸில் வா என்று மகளுக்குச் சொல்லப் போனைத் தூக்கினேன், தவம் சிரித்தான், வைத்துவிட்டேன். என்னிடத்தில் பயத்தைவிட மானம் ஒரு சாண் உயரம், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மகளும் குழந்தையும் என் பக்கத்தில், தவம் பின்னால். கடல் பாதை முடிந்து வேலணைக் கரையில் ஏறுகிற இடத்தில் பற்றைக்குள்ளிருந்து மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. நான் என்ன செய்தேன்? “ஐயோ” என்றேன். அது ஒன்றைத்தான் செய்தேன். கால் பெடலில் படாமல் விறைத்து அந்தரத்தில் நின்றுவிட்டது. பிக்கப் மாட்டின் விலாவுக்கு முன்னால் குலுங்கி நின்றது, கிளச் மிதிக்காததால் எஞ்சினும் அணைந்தது, குழந்தை முழித்துக் கத்தியது.

“நல்ல பிறேக், அப்பா,” என்றாள் மகள்.

“ஓம் பிள்ளை,” என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இன்றைக்கும் அதே பிக்கப்தான். சீல் ஒரு துளி கசியவில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு கராஜில் காட்டினேன், பிறேக்கில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். ஆனால் நான் காலை எடுத்தாலும் பெடல் உடனே மேலே வராது. கொஞ்சம் பொறுத்து, ஆறுதலாக, எனக்குப் பிறகு இன்னொரு கால் எடுபடுகிறது போலத்தான் எழும்பும்.