முன் இருக்கைப் பயணி

டிப்போவில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்க்கும் ஓட்டுநர்கள் வைத்தது. பல வருடமாக ஒரே தடத்தில் பேருந்து ஓட்டுகிறாள். அவள் வண்டி வருவதைப் பார்த்துக் கடை திறப்பவர்கள் உண்டு. நிறுத்தம் இல்லாத இடத்தில் சொந்தத் தங்கையே கை காட்டினாலும் நிறுத்த மாட்டாள். இவ்வளவு கறாரானவள் வீட்டுக்குள் புருஷனுக்குப் பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? வீங்கிய கன்னத்தோடு வண்டி ஓட்ட வந்த ஒரு நாள், தங்கைதான் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

விவாகரத்து ஆயிற்று. அதற்குப் பிறகும் அவன் வாசலில் வந்து வந்து நின்றதால் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. அவளை நெருங்கக் கூடாது, பேசக் கூடாது, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பவும் கூடாது. மீறினால் கைது. ஐயா லேசுப்பட்டவரா? பிறந்தநாள் என்று பூங்கொத்து அனுப்பினார். போனால் போகிறது என்று விட்டாள். போனில் கூப்பிட்டு அழுதார். அதையும் விட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் வழக்கை நடத்திய வக்கீலம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். நீயே கண்டுகொள்ளாமல் விட்டால் ஆடுகிற மேசைக் காலுக்கு அந்த உத்தரவை மடித்து வைக்கலாம், அடுத்த முறை உடனே போலீஸுக்குப் போ என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபம்.

ஒரு திங்கட்கிழமை காலை அவன் அவள் பேருந்தில் ஏறினான். ஓட்டுநரிடமே டிக்கெட் வாங்கும் வண்டி அது. சில்லறையை நீட்டினான். பழக்கதோஷம், அவள் கை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

முன் இருக்கையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். "பொது வண்டி. காசு குடுத்து டிக்கெட் எடுத்திருக்கேன். யார் என்ன பண்ண முடியும்?" என்றான்.

இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இத்தனை நாள் ஓடியதெல்லாம் போதாதா என்றும் தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்து, எழுந்து நின்றாள். அவன் பக்கம் திரும்பாமல் மற்றவர்களிடம் சொன்னாள்:

"இவர் என் பக்கத்துலயே வரக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. வண்டி இப்ப நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகுது. அவசரமா போறவங்க இறங்கிக்குங்க, பின்னாடியே அடுத்த வண்டி வரும்."

சிலர் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. அங்கேதான் அவன் கணக்குத் தப்பியது. கூடக் குடித்தனம் நடத்தியவனாயிற்றே, தடத்தை விட்டு ஒரு முழம் விலகாதவள் வண்டியைத் திருப்பவாவது என்று சிரித்துக்கொண்டிருந்தான். இரவு வேலை முடித்து வீடு திரும்பும் நர்ஸ் ஒருத்தி பின்னாலிருந்து வந்து, அவனுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.

"நீங்க ஓட்டுங்கக்கா."

வலப்பக்கம் திரும்ப வேண்டிய முனையில் வண்டி இடப்பக்கம் திரும்பியது. சிரிப்பு நின்றது. காவல் நிலைய வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பேருந்துக்கு அபராதம் போடத்தான் காவலர் வெளியே வந்தார். அவள் போனில் இருந்த உத்தரவைப் படித்ததும் அவனைக் கீழே இறக்கினார். டிக்கெட் எடுத்தேனே என்று அவன் நியாயம் பேசினான். டிக்கெட் வண்டியில் ஏறத்தான், உத்தரவை மீற இல்லை என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனார். மறுநாள் நீதிபதி பூங்கொத்தையும் போனையும் சேர்த்து விசாரித்து, அவனை ஒரு மாதம் உள்ளே தள்ளினார். உத்தரவையும் நீட்டித்தார்.

அவளுக்கோ டிப்போவுக்குப் போகக் கால் எழவில்லை. தடம் மாறி ஓட்டியவர்களுக்கு வேலை போனதுண்டு. மேலாளர் திட்டவில்லை, உட்காரச் சொன்னார். ஊரின் மறுகோடியில் வேறு தடம் தருகிறேன், அவன் வெளியே வந்தாலும் கண்ணில் பட மாட்டாய் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத கோபம், அது வந்ததில் அவளுக்கே சந்தோஷம்.

"வேண்டாம் சார். என் தடத்துலயே ஓட்டுறேன்."

"வெளிய வந்து மறுபடி ஏறினா என்னம்மா பண்ணுவே?"

"மறுபடி ஸ்டேஷனுக்கு விடுவேன். இப்பதான் வழி பழகிடுச்சே, சார்."