பட்டினி கிடந்த வயிற்றுச் செல்கள்

அஸ்தினாபுரத்திலிருந்து சிறுசேரிப் பக்கம் ஓர் ஆய்வகத்துக்கு என் ஆட்டோவில் தினமும் ஒரு பெண் போய் வருவாள். வயிற்றுச் செல்களைத் தட்டில் வளர்த்து ஆராய்ச்சி. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பேச்சு அதைப் பற்றித்தான்.

"சாப்பாடு உள்ளே போனதும் வயிறு காஸ்ட்ரின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும்ணா. அது வயித்துச் செல் மேல ஒக்காந்து சேதி சொல்லும். உள்ளே தூங்கிட்டிருக்கிற ஜீன் முழிச்சிடும். அப்புறம் வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம் உருவாகி, பக்கத்துச் செல்லையும் 'வளரு'ன்னு உசுப்பும்."

"அப்போ நாம துன்னுகினு கீறோம், அது உள்ள வூடு கட்டிக்கினு கீதா?"

"அதேதாண்ணா!"

நல்ல பேச்சு காதில் விழுந்தால் நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஸ்டாண்டில் எல்லோருக்கும் சொன்னேன். "உன் தொப்பையைப் பாத்தா உள்ள அபார்ட்மெண்டே கட்டிட்ட மாதிரி கீது மச்சான்" என்றான் ஒருவன்.

ஆனால் அவளுக்குச் சோதனை கைகூடவில்லை. செல்களை முதலில் சீரம் என்னும் சத்துத் திரவம் இல்லாமல் பட்டினி போட வேண்டும். அப்போதுதான் ஜீன் தூங்கும். பிறகு ஒரு தட்டில் மட்டும் ஹார்மோன் விடுவாள். ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டிலும் ஜீன் விழித்தே இருந்தது. இன்னொரு முறை தவறினால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் அவளுடைய கைடு பேராசிரியர்.

ஒருநாள் மாலை வண்டியில் ஏறியவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர். உடன் வேலை செய்யும் அக்காதான் காரணமாம். எல்லோருக்கும் சேர்த்து இட்லி கட்டி வருகிறவர். "பாவம், உன் செல்லுங்க பட்டினியா கெடந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நான்தான் சீரம் ஊத்தினேன்" என்றாராம்.

"திட்டினியாம்மா?"

"எப்படிண்ணா திட்டுறது? மதியம் அவங்க இட்லியைத்தானே சாப்பிட்டேன்."

மறுபடி தொடங்கினாள், தட்டின் மேல் சீட்டு ஒட்டி: 'விரதம். யாரும் சோறு போடாதீங்க.'

முடிவு வந்த அன்று ஓடி வந்து ஏறினாள். "ஹார்மோன் விட்ட தட்டுல மட்டும் முழிச்சிருக்குண்ணா! இன்னொண்ணு நல்லாத் தூங்குது."

"தலைப்பு?"

"மாத்த வேணாம்னுட்டார்!"

அந்த அக்கா எனக்கும் ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பியிருந்தார். மேடவாக்கம் நெரிசலில் வண்டி நின்றதும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

"இந்நேரம் உள்ள சேதி போயிருக்கும்ல?"

"இப்பதான் கெளம்பியிருக்கும்ணா. மேடவாக்கம் தாண்டணுமே!"