இரண்டாவது பெஞ்சு சிங்கப்பூர் போன கதை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். முதல் வேலையாக, ஊரில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியைக் கைப்பேசியில் எழுப்பினேன். "நாளைக்கு ஆராதனையில என் இடத்துல பைபிளை வச்சிரு. எவனும் உக்காந்துரக் கூடாது." அழைத்துப்போக வந்திருந்த மகள் பெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் சபையில், ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சின் ஓரம் என் அப்பா காலத்திலிருந்து எங்களுடையது. புதிதாக வந்த போதகரோ, பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலி போடுவோம், யாரும் எங்கேயும் உட்காரட்டும் என்கிறார். கமிட்டியில் என்னை விட்டால் இரு தரப்பும் சமம். நான் திரும்பியதும் ஓட்டெடுப்பு. என் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

மதியம் தேக்கா உணவங்காடி. கூட்டம் பிதுங்கியது. ஒரே ஒரு மேசை காலி. அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். என்ன உபசரிப்பு என்று வியந்து, அதைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, எந்திரிங்க! யாரோ இடம் பிடிச்சு வச்சிருக்காங்க!"

"டிஷ்யூவை வச்சா?"

"ஆமா. இங்க அதை யாரும் தொட மாட்டாங்க."

அதற்குள் மேசைக்குச் சொந்தக்காரச் சீன அம்மாள் மீ நூடுல்ஸ் தட்டோடு வந்து, என் கையிலிருந்த டிஷ்யூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். ஆனால் மனம் குளிர்ந்துவிட்டது. உட்காரும் இடத்துக்கு இவ்வளவு மரியாதையா! வீடு திரும்பும் வழியில் இரண்டு வெள்ளிக்கு, அதாவது இரண்டு சிங்கப்பூர் டாலருக்கு, ஒரு கட்டு டிஷ்யூ வாங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. மகள் வீடிருக்கும் பொங்கோலிலிருந்து ஃபேரர் பார்க்குக்கு ஒரே ரயில்; கட்டணம் இரண்டு வெள்ளிக்குள். அவள் போகிற சபைக்குக் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. கைப்பேசிக் கடைக்கு மேலே ஒரு வாடகை மண்டபம். லிஃப்டில் ஏறி ஆண்டவரிடம் போக வேண்டும். உள்ளே சில நாற்காலிகளில் ஏற்கெனவே டிஷ்யூ இருந்தது. நம் ஆட்கள்தான் என்று மகிழ்ந்து, இரண்டாவது வரிசை ஓரத்தில் என்னுடையதை வைத்துவிட்டு, தெம்பாக டீ குடிக்கக் கீழே போனேன்.

திரும்பி வந்தால், என் நாற்காலியில் கப்பல் பட்டறைச் சீருடையில் ஒருவர், என் டிஷ்யூவால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

வாசலில் ஆட்களை உட்காரவைக்கும் ரூத் என்ற பெண்ணிடம் முறையிட்டேன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்கிள், டிஷ்யூ இருக்குற சீட் எல்லாம் லேட்டா வர்றவங்களுக்கு லா. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வர்றாங்க, பாவம். அது நீங்க வச்சதா? சோ ஸ்வீட், அங்கிள்!"

கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பிரசங்கம் செய்தவர் தெரியவில்லை. வரிசை வரிசையாகப் பின்னந்தலைகள்தான் தெரிந்தன.

ஆராதனை முடிந்து பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "ஐயா, நீங்க நம்ம ஊரு ரெண்டாவது பெஞ்சு ஐயாதானே?"

திரும்பினேன். டிஷ்யூக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க... ஆமா, நீங்களேதான்! காதுக்குப் பின்னால அந்த மச்சம்!"

பெயர் ஜெபராஜ். எங்கள் சபையேதான். "ஊருல பெஞ்சுல இடம் இருக்காதுல்லா, கதவுகிட்ட நிப்பேன். உங்க பின்னந்தலை நல்லாத் தெரியும். முகத்தை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"உங்களை நான் பார்த்ததே இல்லையே?"

"நீங்க திரும்புனாத்தானே ஐயா!" என்று சிரித்தார். குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் மிச்ச டிஷ்யூவை என் கையில் வைத்தார். "நீங்க வச்சதுன்னு ரூத் அக்கா சொன்னாங்க. எனக்குன்னு நம்ம ஊர்க்காரங்க யாரும் இடம் பிடிச்சு வச்சதில்ல ஐயா. ரொம்ப நன்றி."

உண்மையைச் சொல்லாமல் டிஷ்யூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, சாங்கியில் விமானத்துக்குக் காத்திருந்தபோது மனைவியைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர்ச் சபைக் கோபுரம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் என்று இத்தனை வருடம் பெருமையடித்திருக்கிறேன். கோபுரத்துக்குக் கீழே கதவோரம் நிற்பவர் எனக்குத் தெரியாமல் போய்விட்டார்.

"ரெண்டு ஞாயிறும் பைபிள் வச்சுட்டேன். ஒருத்தரும் உக்காரல" என்றாள் வெற்றியோடு.

"கதவுகிட்ட யாராவது நின்னாங்களா?"

"அதை யாரு திரும்பிப் பாத்தா?"

"வர்ற ஞாயிறு திரும்பிப் பாரு. நிக்கிறவரைக் கூப்பிட்டு என் இடத்துல உக்காரச் சொல்லு. போதகர்கிட்டயும் சொல்லிரு, என் ஓட்டு நாற்காலிக்கு."

அவள் கேட்டாள்: "அப்போ நீங்க எங்க உக்காருவீங்க?"

"டிஷ்யூ வாங்கிட்டு வாறேன்" என்றேன். "யாராவது எனக்கும் ஒண்ணு வைக்காங்களான்னு பாப்போம்."